அருவி மூடிய நாளில்

சீசன் நாட்களில் எங்கள் ஊர்ச் செய்தியில் அடிக்கடி வரும் வரி ஒன்று உண்டு: குற்றாலம் பேரருவியில் குளிக்கத் தடை. மலைமேல் மழை பலத்து, தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்ததும் போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அந்த விசிலைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. விசில் ஊதிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் என் பேச்சு.

மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வேன் பிடித்து வந்த ஜனங்கள் தோளில் காய்ந்த துண்டோடு நிற்கிறார்கள். தூரத்தில் நின்று அருவியைப் போட்டோ எடுக்கிறார்கள். பிள்ளை அழுகிறது என்று ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, வழியில் கொறிக்க ஒரு பொட்டலம் சிப்ஸ். பிறகு பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். சாயங்காலம் வண்டி ஊர் திரும்பிவிடுகிறது. “குற்றாலம் போனோம், குளிக்க விடலை” என்று பக்கத்து வீட்டில் சொல்வதோடு கதை முடிந்தது.

அவர்கள் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சங்கு வடிவில் கட்டிய ஒரு கோவிலும், கொஞ்சம் நடந்தால் நடராசர் சுவரில் ஓவியமாக ஆடும் ஒரு சபையும், பஸ்ஸில் கால்மணி நேரத்தில் பாண்டியன் தொடங்கிய ஒரு ராஜகோபுரமும் இருக்கின்றன. இது வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரியவைக்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனபோது இனி எல்லாம் மாறும் என்று பட்டாசு வெடித்தோம். சுற்றுலா என்று பேச்செடுத்தால் இன்றும் கண்ணாடிப் பாலம் வேண்டும், ரோப் கார் வேண்டும் என்றுதான் டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். என் கட்சி வேறு. புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். முதலில் குற்றாலத்துக் கடைத்தெருவைச் சரிசெய்யுங்கள். அதிலும் குறிப்பாக, சீசன் கடைகளை ஏலம் விடும் முறையை மாற்றுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் மேலகரத்துக்காரி, குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். கூட்டுறவு வங்கி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அதைவிடப் பெரிய தகுதி, என் அப்பா சன்னதி பஜாரில் சீசனுக்குச் சீசன் பழக்கடை போட்டவர். ஆனி பிறந்ததும் நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், ரெண்டு மரப்பெட்டி. ஆவணி முடிந்தால் எல்லாவற்றையும் அவிழ்த்து மச்சில் ஏற்றிவிட்டு வயலுக்குப் போய்விடுவார். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் தம்பியும் கடையில் போய் உட்காருவோம். சில்லறை எண்ணுவது என் வேலை.

மங்குஸ்தான் வாங்குவது எப்படி என்று அங்கேதான் படித்தேன். பழத்தைக் கவிழ்த்தால் அடியில் பூப்போல ஒரு தடம் இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமென்றால் சுளை சிறிது, கொட்டை குறைவு. கட்டைவிரலால் லேசாக அமுக்கினால் தோல் இறங்கிக் கொடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் பழையது, உள்ளே கெட்டிருக்கும். அப்பா வருகிறவர்களிடம் அதைச் சொல்லியே விற்பார். “அண்ணாச்சி, அமுக்கிப் பாத்து எடுங்க. கல்லு மாதிரி இருந்தா தனியா வச்சிருங்க, அதுக்குத் துட்டு வேண்டாம்” என்பார். பக்கத்துக் கடைக்காரர் அவரை முறைப்பார். தோலின் சாயம் வெள்ளைத் துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது; என் பள்ளிக்கூடத் தாவணிகளில் பாதி அந்த ஊதாக் கறையோடுதான் பழசாயின.

அந்தப் பழங்கள் இந்த மலையில் தற்செயலாக முளைத்தவை இல்லை. 18ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தச் சரிவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்த்தார்கள். அருவியிலிருந்து தென்காசிக்குப் பஸ் ஏறினால் வழியில் காசிமேஜர்புரம் வருகிறதே, அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பவர் காசமேஜர் என்ற கம்பெனி அதிகாரி. தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டத்தில் இன்றும் மங்குஸ்தானும் துரியனும் காய்க்கின்றன. துரியனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிள்ளைப்பேறு தரும் என்று யாரோ கிளப்பிவிட்டதில், அந்த முள்ளுப் பழத்துக்கு யானை விலை சொல்கிறார்கள். நாற்றத்தைச் சகித்துக்கொண்டு அதைத் துணிப்பையில் சுற்றி எடுத்துப்போகும் தம்பதிகளைப் பார்த்து அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். “கிண்டல் பண்ணாதே தாயி, அவங்க கவலை அவங்களுக்கு” என்பார்.

இப்போது அதே பஜாரில் நடந்து பாருங்கள். ரம்புட்டானும் மங்குஸ்தானும் மலையாகக் குவிந்திருக்கும். பெரும்பகுதி ஆரியங்காவு வழியாக லாரியில் கேரளத்திலிருந்து வந்தவை. அதில் தப்பில்லை, எல்லை தாண்டி வாங்கி விற்பது எங்களுக்குப் பழக்கம்தான். செங்கோட்டையே 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். பழக்கடையைத் தாண்டினால் வருவதுதான் வருத்தம்: எந்த ஊர்ப் பொருட்காட்சியிலும் கிடைக்கும் பொம்மைகள், ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் அச்சு அசலாக இதே மாதிரி தொங்கும் சிப்பி மாலைகள், பாலிதீன் பையில் எண்ணெய் பிழியப்பட்ட கிராம்பு. கிராம்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை: காம்பை நகத்தால் கீறிப் பாருங்கள். நகத்தில் எண்ணெய் ஒட்டினால் நல்லது. வெறும் சக்கையாக உதிர்ந்தால் அதன் சத்தை யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? கடைக்காரர்களின் பேராசை என்று சொல்வது சுலபம். நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறவள். கோவில் இடத்திலும் பேரூராட்சி இடத்திலும் சீசன் கடைகள் ஏலத்தில் போகின்றன. அதிகம் கேட்டவனுக்கு இடம். ஏலம் எடுத்தவர் பல நேரம் தானே கடை போடுவதில்லை. துண்டு துண்டாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவார். நாலாவது கையில் வந்து உட்காரும் வியாபாரி எண்பது தொண்ணூறு நாளில் வாடகை, வட்டி, கூலி எல்லாம் எடுத்தாக வேண்டும். சாரல் பதினைந்து நாள் தள்ளிப்போனால் அந்தப் பதினைந்து நாள் வாடகை அவர் தலையில். தடை போட்ட நாட்களும் அவர் கணக்கில்தான். இந்த நிலையில் இருப்பவர், இரண்டு நாளில் அழுகும் மலைப்பழத்தை வாங்கி வைப்பாரா, வருடக்கணக்கில் கெடாத பிளாஸ்டிக்கை வைப்பாரா? முதலில் கைவிடுவது அழுகும் சரக்கை. அடுத்து, விலை கூடின நல்ல சரக்கு. வேறெங்கும் கிடைக்கிற மலிவுச் சரக்கு மட்டும் மிஞ்சும். குற்றாலத்துக் கடையில் குற்றாலத்துப் பொருள் இல்லாமல் போனதற்கு ஏல ரசீதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டாம்.

தற்காலிகக் கடை என்பதால் எல்லாமே தற்காலிகம்தான். தகரம், கீற்று, பாலிதீன், மேலே தொங்கும் மின்கம்பி, கீழே சிப்ஸ் பொரிக்கும் அடுப்பு. 2023 ஆகஸ்டில் கோவிலை ஒட்டிய தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்து வரிசையாக எரிந்தன. சீசன் நடுவில் சரக்கு முழுவதும் சாம்பலானவர்களுடைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். இடத்துக்கு வாடகை வாங்குகிறவர்கள் கூரைக்குப் பொறுப்பு ஏற்காத ஏற்பாடு அது.

2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒரு நல்ல வார்த்தை சொல்கிறது. ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களைக் கிளப்பக்கூடாது என்கிறது. கோவில் நிலத்துக்கு அது அப்படியே பொருந்துமா என்பதை வக்கீல்கள் பேசட்டும். குற்றாலத்துச் சீசன் பஜாருக்கு ஐம்பது வயது தாண்டிப் பல காலமாயிற்று என்பதற்கு என் அப்பாவின் மரப்பெட்டிகளே போதும்.

கடைத்தெருவைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, கோவிலும் அருவியும் சும்மாவா என்று கேட்கிறவர்களுக்கு: ஒன்றைவிட்டு ஒன்று இல்லை. ஜனங்கள் சும்மா நடப்பதில்லை; கடை இருக்கும் பக்கம் நடப்பார்கள். பேரருவிக் கரையில் கடை இருப்பதால் எல்லோரும் அங்கேயே முட்டிக்கொள்கிறார்கள். சித்திரசபைப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு.

சித்திரசபை நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், எங்களிடம் சித்திரம். தெப்பக்குளத்தை ஒட்டிய மண்டபத்துக்குள் போனால் சுவர் முழுக்க ஓவியம். மற்ற நாலு சபைகளிலும் விக்கிரகமாக ஆடுகிறவர் இங்கே சுவரில் வண்ணமாக ஆடுகிறார். மார்கழித் திருவாதிரைக்கு இங்கே தாண்டவ தீபாராதனை நடக்கும்போது கூட்டம் நெரியும். மற்ற நாளில் போனால் நீங்களும் வௌவாலும்தான். எந்தச் சுவரில் என்ன கதை என்று எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நல்ல தமிழ் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேரைத் தடை நாட்களில் அங்கே நிறுத்தினால், பேரருவியில் நிற்கிற கூட்டத்தில் ஒரு பங்கு இங்கே திரும்பும்.

பெரிய கோவிலுக்குள்ளும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. திருமாலாக இருந்தவரை அகத்தியர் தலையில் கை வைத்து அழுத்திச் சிவனாக்கினார், அதனால் சுவாமிக்குத் தலைவலி, அதற்குத்தான் தினமும் தைலம் என்பது தலபுராணம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டுப் பத்து வருடம் தாண்டிவிட்டது. எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் பாக்கியம் இப்போது சுவாமிக்கு மட்டும் என்று எங்கள் தெருவில் ஒரு பாட்டி சொல்வாள். சாரல் குளிருக்காக இரவுப் பூஜையில் அவருக்குக் கஷாயமும் உண்டு. அந்தக் கஷாயப் பொடியைச் சின்னப் பொட்டலமாகப் போட்டுக் கோவில் முத்திரையோடு வைத்தால் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பழனிக்குப் பஞ்சாமிர்தம், திருநெல்வேலிக்கு அல்வா. குற்றாலத்திலிருந்து வீட்டுக்கு என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டால் ஈரத் துண்டைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

துண்டு என்றதும் நினைவு வருகிறது. குற்றாலத்தில் துண்டு எடுத்துவர மறந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை துண்டு விற்கும். அது எங்கேயோ நெய்து வருகிறது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் தறி ஓட்டுகிறவர்கள் இதே மாவட்டத்துக்காரர்கள்தான். அவர்களிடம் சாரல், தலமரமான குறும்பலாவின் இலை, பேரருவி என்று கரையில் ஏதாவது நெய்த துண்டு கேட்டு வாங்கி விற்க யாருக்கும் தோன்றவில்லை. அண்மையில் புவிசார் குறியீடு பெற்ற புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய், பனங்கருப்பட்டி, ஓணத்துக்குக் கேரளம் முழுக்கப் போகும் சங்கரன்கோவில் பூ. சரக்குக்குக் குறைவில்லை. அதை வைக்கக் கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு இடம் இல்லை.

தென்காசிக் கதை கொஞ்சம் வேறு. அங்கே பஜார் உள்ளூர் ஜனங்களுக்கானது, அதனாலேயே உயிரோடு இருக்கிறது. கூலக்கடை பஜாரில் தானியமும் பருப்பும் மிளகாய் வற்றலும் வாங்கக் கிராமத்து ஜனம் வந்துகொண்டே இருக்கும். மலையாளிகள் துணி எடுக்க வருவார்கள். காசி விசுவநாதர் கோபுரத்தை நான் சின்னப் பிள்ளையாகப் பார்த்தபோது அது மொட்டைக் கோபுரம்; இரண்டாகப் பிளந்து, மேல் நிலைகள் இல்லாமல் நின்றது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டத் தொடங்கியதைச் சேதமான பின் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. சிவந்தி ஆதித்தனார் முயற்சியில் ஒன்பது நிலையோடு எழும்பி 1990இல் குடமுழுக்கு நடந்தது. அன்றைக்குத் தென்காசித் தெருக்களில் நின்ற கூட்டத்தைப் போல் அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. 2025 ஏப்ரலில் மறுபடி குடமுழுக்கு ஆனது.

கோபுரத்தைத் தாண்டியதும் முகத்தில் அறைகிற காற்றை வாங்கிக்கொண்டு திருவோலக்க மண்டபத்துக்குள் வந்தால் ஒற்றைக் கல்லில் செதுக்கிய ஆளுயரத்துக்கு மேலான சிற்பங்கள் நிற்கும். வீரபத்திரர் விரலிடுக்கையும் ரதியின் நகையையும் பார்த்து முடிக்கவே ஒரு மணி நேரம் வேண்டும். பாண்டியன் கல்வெட்டில் ஒரு வேண்டுகோள் உண்டு: பின்னாளில் இந்தக் கோவிலுக்குக் குறை வந்து அதைச் சரிசெய்கிறவர்கள் யாரோ, அவர்கள் காலில் விழுகிறேன் என்கிறான். ராஜா இவ்வளவு இறங்கி எழுதியிருக்க, ‘இங்கே இதைப் படியுங்கள்’ என்று ஒரு பலகை வைக்க நமக்குக் கை வரவில்லை.

தனியார் கைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். விடுதிகள் தங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே செயற்கை அருவி கட்டிக்கொண்டன. இயற்கையாக வரும் நீர்வழியைத் திருப்பி அப்படிச் செய்தவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க 2022 நவம்பரில் மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியதாயிற்று. சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி மாதம் சூரியகாந்தி பூத்தால் கேரளத்திலிருந்து கார்கள் வரிசை கட்டும். செடிகள் மிதிபடுவதைப் பார்த்துச் சில விவசாயிகள் உள்ளே வர ஆளுக்கு இவ்வளவு என்று வாங்க ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது. விளைவிக்கிறவன் கையில் நேரே காசு போகும் சுற்றுலா இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான், அதையும் அரசாங்கம் ஏற்பாடு செய்யவில்லை.

கடைக்கு வருகிறேன். டெல்லியில் 1994இல் தில்லி ஹாட் என்று ஒரு சந்தை தொடங்கினார்கள். நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கைவினைக்காரர் வந்து குறைந்த வாடகையில் பதினைந்து நாள் கடை போடலாம். பிறகு அடுத்தவருக்கு இடம். ஏலம் கிடையாது. செய்கிறவரே விற்பார். முப்பது வருடமாக நடக்கிறது. வாகனத்தை நிறுத்திவிட்டுத் தெருவை நடப்பவர்களுக்கு விட்ட கோழிக்கோட்டு மிட்டாய்த் தெரு இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டிலும் மலையைக் குடைந்து எதுவும் கட்டவில்லை.

கோவில் வருமானம் என்னாகும் என்று அறநிலையத் துறை கேட்கும், கேட்க வேண்டும். அன்னதானமும் அர்ச்சகர் சம்பளமும் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. எல்லாக் கடையையும் ஏலத்திலிருந்து எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கால்பங்கை மட்டும் தில்லி ஹாட் போல, விளைவிக்கிறவர்களுக்கும் செய்கிறவர்களுக்கும் பதினைந்து நாள் சுற்றில் விட்டால் போதும். முதல் இரண்டு வருடம் வருமானம் குறையும், மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கால்பங்குக் கடைகளைச் சித்திரசபைக்குப் போகும் வழியில் கல்தரை, தகரமில்லாத கூரை, தண்ணீர்க் குழாய், தீயணைப்பு உருளையோடு நிரந்தரமாகக் கட்டினால், இரண்டாவது சீசனான ஐப்பசி கார்த்திகையிலும் ஐயப்ப சாமிகள் வரும் மார்கழியிலும் சேர்த்து வாடகை வரும். மூன்று மாத ஏலத்தை ஆறு மாத வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்க யாராவது ஒரு கணக்குப் பிள்ளையை உட்கார வைக்கட்டும். என்னைக் கூப்பிட்டால் நானே வருகிறேன்.

இந்த யோசனையைச் சொன்னதும் எங்கள் பஜாரில் பழைய வியாபாரி ஒருவர் கேட்டார்: “எக்கா, மகளிர் குழுவுக்குன்னு கடை ஒதுக்குவாங்க. மறுநாளே அதை ஏலக்காரன் உள்வாடகைக்கு எடுத்துருவான். அதுக்கு என்ன செய்வீங்க?” சரியான கேள்வி. பல ஊர்களில் நடந்திருக்கிறது. அதனால்தான் பதினைந்து நாள் சுற்று என்கிறேன். பதினைந்தே நாளுக்கு உள்வாடகை பேச எந்த இடைத்தரகருக்கும் லாபம் கட்டாது. யாருக்கு எந்தத் தேதி என்று கடை வாசலிலேயே பெயரோடு எழுதிப்போட்டால் ஊரே காவல்.

சாரல் ஆனியில் தொடங்கும். அதற்கு வெகுநாள் முன்பே ஏல அறிவிப்பு சுவரில் ஏறிவிடும். இந்த முறை அந்தத் தாளில் சேர்க்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கும் கோவில் செயல் அலுவலருக்கும் நான் எழுதியிருக்கும் மனுவில் மூன்று வரிதான்: கடைகளில் கால்பங்கு ஏலத்துக்கு வெளியே, மாவட்டத்தில் விளைவிக்கிறவர்களுக்கும் செய்கிறவர்களுக்கும் பதினைந்து நாள் சுற்றில்; ஏலக் கடைகளில் உள்வாடகை கண்டால் உரிமம் ரத்து; போலீஸ் தடை போட்டுக் குளியல் நின்ற நாட்களுக்கு வாடகைத் தள்ளுபடி.